மாலை வெயிலில் காட்டுச் சிங்கம்: படம் பிடிக்க ஒரு முழு வழிகாட்டி

காட்டில் சிங்கத்தைப் பார்ப்பது அவ்வளவு கஷ்டமில்லை. கென்யாவின் மசாய் மாராவிலோ தான்சானியாவின் செரெங்கெட்டியிலோ சில நாள் சுற்றினால் எப்படியும் கண்ணில் பட்டுவிடும். ஆனால் படுத்துத்தான் கிடக்கும். ஒரு நாளில் ஏறக்குறைய 20 மணி நேரம் ஓய்விலேயே கழிக்கிற விலங்கு அது. அது சோம்பல் முறித்து எழுகிற நேரமும், வெயில் சாய்ந்து நிறம் மாறுகிற நேரமும் மாலையில் கொஞ்ச நேரம் சேர்ந்து வரும். அந்தக் கொஞ்ச நேரத்தில் உங்கள் வண்டி எங்கே நிற்கிறது என்பதை வைத்துத்தான் படம் அமையும். கேமரா அமைப்புகளை வீட்டில் உட்கார்ந்தே பழகிக்கொள்ளலாம். இடம் பார்த்து நிற்கப் பழகத்தான் நாள் பிடிக்கும். அதனால் இந்த வழிகாட்டியில் ஷட்டர் வேகத்தைவிட வண்டியைப் பற்றிய பேச்சு சற்றுக் கூடுதலாக இருக்கும்.

1. சூரியக் கணக்கை முதலில் போடுங்கள்

சூரியன் அடிவானத்துக்கு மேல் சுமார் 6 டிகிரி உயரத்துக்கு இறங்கும்போது ஒளி மாறத் தொடங்கும். தாழ்வாக வரும் கதிர் காற்று மண்டலத்துக்குள் நெடுந்தூரம் வர வேண்டியிருக்கிறது. வழியில் நீலம் சிதறிப்போக, மஞ்சளும் சிவப்பும் மிஞ்சுகின்றன. இதைத்தான் பொன் நேரம் என்கிறார்கள்.

இந்த நேரம் ஒரு மணி நேரம் நீடிக்கும் என்று பல கையேடுகளில் படித்திருப்பீர்கள். அது வடக்கே, ஐரோப்பா பக்கம் சரி. சிங்கம் வாழும் ஊர்களில் பெரும்பாலும் அது செல்லாது. வானத்தில் சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. நிலநடுக்கோட்டை ஒட்டிய மாராவில் அது கிட்டத்தட்ட செங்குத்தாகவே இறங்கும். அப்படியென்றால் 6 டிகிரியிலிருந்து அடிவானத்தைத் தொட 24 நிமிடம்தான். தெற்கே, தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்காவில் சாய்வாக இறங்குவதால் சில நிமிடம் கூடக் கிடைக்கும், அவ்வளவே. மறைந்த பிறகும் முழுதாக இருட்ட இருபத்து சொச்சம் நிமிடம் ஆகும். ஆக மொத்தம் முக்கால் மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

அடுத்து, பூங்காவின் நேரம். இதைப் பார்க்காமல் போகிறவர்கள்தான் அதிகம். மசாய் மாராவின் பொதுச் சரணாலயப் பகுதியில் மாலை 6.30 மணிக்குள் வண்டிகள் வெளியேறவோ தங்குமிடம் சேரவோ வேண்டும். அங்கே வருடத்தின் பெரும்பகுதி சூரியன் மறைவதே 6.30க்கும் 7க்கும் நடுவில்தான். க்ரூகரில் வாயில் மூடும் நேரம் மாதத்துக்கு ஏற்ப மாறும்: மே முதல் ஜூலை வரை 5.30, நவம்பர் முதல் பிப்ரவரி வரை 6.30. தாமதமானால் அபராதம் உண்டு. இந்தக் கெடுபிடி வேண்டாம் என்றால் மாராவைச் சுற்றியுள்ள நபோயிஷோ, மாரா நார்த் போன்ற தனி வனப்பகுதிகளோ, க்ரூகரை ஒட்டிய சாபி சாண்ட்ஸோ வசதி. அங்கே இருட்டிய பிறகும் இருக்கலாம், பாதையை விட்டு இறங்கிப் போகவும் அனுமதி உண்டு. செலவு கூடும். ஆனால் மாலை ஒளிக்காகவே போகிறவர்கள், பொதுப் பூங்காவில் பல நாள் தங்குவதைவிட இங்கே குறைந்த நாள் தங்குவதே நல்லது என்பது என் கருத்து.

குஜராத்தின் கிர் காடு வேறு மாதிரி. ஜூன் 16 முதல் அக்டோபர் 15 வரை மூடியிருக்கும். குளிர்காலத்தில் மாலைச் சுற்று 3 மணி முதல் 6 மணி வரை. டிசம்பரில் சூரியன் மறைவதும் ஆறு மணியை ஒட்டித்தான். எனவே கடைசிப் பொன் நிமிடங்கள் வெளியே வரும் பாதையிலேயே கழிந்துவிடும். அங்கே அடிவானத்துச் சூரியனை நம்பிப் பயனில்லை. நாலரை, ஐந்து மணிக்குத் தேக்கு மரங்களுக்கு நடுவே சாய்வாக விழும் ஒளியை நம்புங்கள். இலை உதிர்ந்த பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இந்த ஒளி தரைவரை இறங்கும்.

கிளம்பும் முன் அன்றைய சூரியன் எந்தத் திசையில் மறையும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் நேர் மேற்கிலிருந்து சுமார் 23 டிகிரி தெற்கே தள்ளியும், ஜூனில் அதே அளவு வடக்கே தள்ளியும் மறையும். கைபேசியில் இருக்கும் திசைகாட்டி போதும்.

2. எந்தச் சிங்கத்தோடு மாலையைக் கழிப்பது?

மதியம் மூன்று மணிக்கு மேல் இரண்டு மூன்று கூட்டங்கள் எங்கே கிடக்கின்றன என்று ஓட்டுநருக்குத் தெரிந்திருக்கும். அதில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் ஆட்டம் ஆரம்பிக்கிறது.

வயிற்றைப் பாருங்கள். பீப்பாய்போல் உப்பி, மூச்சு வாங்கிக்கொண்டு மல்லாந்து கிடந்தால் இரவு கறி தின்றிருக்கிறது. அது இருட்டும்வரை புரண்டு படுப்பதோடு சரி. விலாவுக்குப் பின்னால் வயிறு ஒட்டியிருந்தால் இன்று நடக்கும். குட்டிகள் உள்ள கூட்டம் எப்போதும் லாபம்தான். தாய்கள் தூங்கினாலும் குட்டிகள் ஐந்து மணிக்கெல்லாம் வாலைக் கடிக்க ஆரம்பித்துவிடும்.

இணை சேரும் ஜோடி கிடைத்தால் வேறெங்கும் போக வேண்டாம். நாலு நாள்வரை அவை ஒன்றாகவே இருக்கும்; சராசரியாக இருபது, முப்பது நிமிடத்துக்கு ஒரு முறை சேரும். முடியும் தறுவாயில் பெண் சிங்கம் திரும்பிச் சீறும், ஆண் பல்லைக் காட்டி விலகும். எப்போது நடக்கும் என்று கிட்டத்தட்டக் கணக்கிட்டுச் சொல்லக்கூடிய நிகழ்வு சிங்க வாழ்க்கையில் இது ஒன்றுதான்.

அடுத்தது இடம். சிங்கம் மதியம் நிழலில் படுத்திருக்கும். சூரியன் இறங்க இறங்க ஒளி மரக் கிளைகளுக்குக் கீழே நுழைந்து, நிழலில் கிடந்த அதே சிங்கத்தின் முகத்தில் வந்து விழும். இது நடக்க வேண்டுமானால் மரத்துக்கு மேற்கே வெட்டவெளி இருக்க வேண்டும். மேற்கே புதரோ குன்றோ இருந்தால் வெயில் அங்கேயே நின்றுவிடும். பொன் நேரம் அந்தச் சிங்கத்துக்கு வரவே வராது. பள்ளத்தில், ஓடைக் கரைக்குக் கீழே கிடப்பவையும் அப்படித்தான். கரையான் புற்றின் மேலோ பாறை மேலோ ஏறி நிற்கிற பழக்கமுள்ள கூட்டம் என்றால் கடைசிக் கதிர்வரை ஒளி கிடைக்கும்.

ஒரு நல்ல சிங்கம் மோசமான இடத்திலும், சுமாரான சிங்கம் மேற்கு திறந்த இடத்திலும் இருந்தால் நான் இரண்டாவதற்குத்தான் போவேன். பிடரி பெரிதாக இருக்கிறது என்பதற்காகப் புதருக்குள் கிடக்கும் ஆணைச் சுற்றி வண்டிகள் மொய்ப்பதை எல்லாப் பூங்காக்களிலும் பார்க்கலாம்.

3. வண்டியை எங்கே நிறுத்துவது

தேர்ந்தெடுத்த சிங்கத்திடம் ஐந்து மணிக்குள் போய்ச் சேருங்கள். ஒளி நன்றாக இருக்கும்போது இடம் தேடுவது வீண். ஓட்டுநரிடம் பேச வேண்டியதை முன்பே பேசி வையுங்கள்: சூரியன் எங்கே இறங்கும், எனக்கு எந்தப் பக்கம் வேண்டும், சிங்கம் எழுந்தால் எங்கே போகும் என்று நினைக்கிறீர்கள்? கடைசிக் கேள்விக்கு உங்களைவிட அவருக்கு நன்றாகப் பதில் தெரியும். தண்ணீர் எந்தப் பக்கம், இரை எந்தப் பக்கம் என்று தெரிந்தால் நடக்கும் திசையை ஓரளவு சொல்லிவிடலாம். அந்தத் திசையில் முன்கூட்டியே போய் நின்றால் சிங்கம் உங்களை நோக்கி வரும். பின்னால் துரத்தினால் வால் பக்கம்தான் படத்தில் விழும்.

நிற்கும் நிலை மூன்று. மூன்றுக்கும் தனித்தனிச் சங்கதிகள் உண்டு.

முதலாவது, சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால். எளிதானது, பாதுகாப்பானது, கொஞ்சம் தட்டையானது. இதில் இரண்டு சிக்கல். ஒன்று, உங்கள் வண்டியின் நிழல். சூரியன் 10 டிகிரியில் இருக்கும்போது 2 மீட்டர் உயர வண்டியின் நிழல் 11 மீட்டர் நீளும். 6 டிகிரியில் 19 மீட்டர். பதினைந்து மீட்டரில் படுத்திருக்கும் சிங்கத்தின் முகத்தில் உங்கள் வண்டிக் கூரையின் நிழல் மெல்ல ஏறிவருவதைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும். சூரியனுக்கும் சிங்கத்துக்கும் நடுவிலுள்ள கோட்டிலிருந்து சில மீட்டர் தள்ளி நிறுத்தினால் போதும். மற்ற வண்டிகளின் நிழலையும் கணக்கில் எடுங்கள். இரண்டாவது சிக்கல், நேர் வெயில் முகத்தில் அடிக்கும்போது சிங்கம் கண்ணை இடுக்கிக்கொள்ளும். எல்லாம் பொன்னாக இருக்கும், கண் மட்டும் இரண்டு கோடாக இருக்கும். சூரியன் அடிவானத்துத் தூசிக்குள் இறங்கி மங்கும்வரை காத்திருந்தால் கண் திறக்கும்.

இரண்டாவது, வெயில் பக்கவாட்டில். என் விருப்பம் இதுதான். முகத்தின் ஒரு பாதியில் ஒளி, மறு பாதியில் நிழல். மூக்கின் மேலுள்ள பழைய தழும்புகள், மீசை மயிரின் அடியிலுள்ள புள்ளிகள், பிடரியின் அடுக்குகள் எல்லாம் எடுப்பாகத் தெரியும். சூரியன், சிங்கம், நீங்கள் மூவரும் சேர்ந்து ஏறக்குறைய செங்கோணம் ஆகிற மாதிரி நில்லுங்கள். சிங்கம் தலையை மேற்கே திருப்பும் நொடிக்காகக் காத்திருங்கள்.

மூன்றாவது, சூரியன் சிங்கத்துக்குப் பின்னால், எதிர்வெயில். பிடரியின் வெளிவிளிம்பு பற்றி எரிகிற மாதிரி ஒளிரும். காதின் மயிர், முதுகுக் கோடு, மீசை எல்லாம் தங்கக் கம்பியாகும். நடக்கும்போது கிளம்பும் தூசியும் ஒளிரும். ஆனால் இதற்குப் பின்னணி இருட்டாக இருந்தாக வேண்டும். சிங்கத்துக்குப் பின்னால் நிழலில் மூழ்கிய மரக்கூட்டமோ குன்றின் சரிவோ இருக்கிற மாதிரி நில்லுங்கள். பின்னால் வெளிறிய வானம் இருந்தால் விளிம்பு ஒளி அதில் கரைந்துவிடும். வானம்தான் பின்னணி என்றால் நிழலுருவப் படத்துக்குப் போய்விடுவது நல்லது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

உயரத்தையும் கவனியுங்கள். கூரைத் திறப்பில் எழுந்து நின்று எடுத்தால் சிங்கத்தின் முதுகும் புல்லும்தான் தெரியும். சன்னலிலோ கதவிலோ கேமராவைத் தாழ்த்தி வைத்தால் சிங்கத்தின் கண்மட்டத்துக்குக் கிட்டே வரலாம். கிட்டே போகப் போக மேலிருந்து பார்க்கிற கோணம் கூடும் என்பதால், கொஞ்சம் தள்ளி நின்று நீண்ட லென்ஸில் எடுப்பதே பெரும்பாலும் நன்றாக வரும். புல் உயரமாக இருக்கும் மாதங்களில் மட்டும் இந்த விதியை மறந்துவிட்டு மேலே ஏறத்தான் வேண்டும்.

நின்றதும் இயந்திரத்தை அணைக்கச் சொல்லுங்கள். அதிர்வு நின்றாலே பாதிப் படம் கூர்மையாகும். உள்ளே இருப்பவர்கள் இடம் மாறி உட்கார்ந்தாலும் வண்டி ஆடும். ‘எடுக்கிறேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அமைதியாக இருப்பார்கள்.

4. கருவியும் அமைப்பும்

400 மி.மீ. லென்ஸ் பெரும்பாலான வேலைக்குப் போதும். 100–400, 150–600, 200–600 மாதிரி ஜூம்கள் வசதி. கூடவே ஒரு 70–200 வைத்திருங்கள். நல்ல மாலையில் சிங்கம் சிறிதாகவும் வானம் பெரிதாகவும் இருக்கும் படம்தான் முகப் படத்தைவிட நன்றாக நிற்கும். முக்காலி வண்டிக்குள் உதவாது. கேமராவைத் தாங்க வைக்கும் சிறு பையான பீன் பேக்தான் சரி. காலியாக எடுத்துப் போய், போன இடத்தில் அரிசியோ பயறோ நிரப்பிக்கொள்ளலாம்.

லென்ஸ் முன்னால் யூவி ஃபில்டர் இருந்தால் மாலையில் கழற்றிவிடுங்கள். எதிர்வெயிலில் அது இல்லாத ஒளிப்பொட்டுகளைக் கொண்டுவந்து போடும். தூசியும் அதே வேலையைச் செய்யும். ஐந்து மணிக்கு ஒரு முறை முன் கண்ணாடியைத் துடைத்துவிடுங்கள்.

கோப்பு ராவாக (RAW, கேமரா மெருகேற்றாத மூலப் பதிவு) இருக்கட்டும். ஒயிட் பேலன்ஸை, அதாவது நிறச் சமன் அமைப்பை, ஆட்டோவில் விட்டால் கேமரா மஞ்சளைக் குறையாக எண்ணித் திருத்தப் பார்க்கும். பகல் வெளிச்சம், அதாவது 5500 கெல்வின் அளவில் பூட்டிவிடுங்கள். ராவில் பின்னால் மாற்றிக்கொள்ளலாம் என்பது உண்மைதான். ஆனால் களத்தில் திரையில் தெரிகிற நிறம்தான் அடுத்து என்ன எடுக்கலாம் என்று உங்களுக்குச் சொல்கிறது.

ஷட்டர் வேகம்: படுத்திருக்கும் சிங்கத்துக்கு, பீன் பேக்கில் கேமரா இருந்தால் 1/250 நொடி போதும். கொட்டாவி, நக்கிக்கொள்வது 1/500. நடை 1/800. குட்டிகள் விளையாட்டு, பிடரியை உதறுவது, ஓட்டம் என்றால் 1/2000. சூரியன் 6 டிகிரியில் இருந்து சிங்கத்தின் முகத்தில் வெயில் விழும்போது எஃப்/5.6 அப்பெர்ச்சர் (லென்ஸ் திறப்பின் அளவு), 1/1000, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 800 என்று தொடங்கலாம். மறையும்போது அதே அப்பெர்ச்சரில் 1/500க்கு 3200 தேவைப்படும். இப்போதைய கேமராக்களில் 6400வரை பயப்பட ஒன்றுமில்லை. படத்தில் விழும் மணிமணியான புள்ளிகளை, அதாவது இரைச்சலை, பிறகு குறைத்துக்கொள்ளலாம். அசைந்துபோன கண்ணை ஒன்றும் செய்ய முடியாது.

மேனுவலில் ஷட்டரையும் அப்பெர்ச்சரையும் வைத்துவிட்டு ஐஎஸ்ஓவை மட்டும் ஆட்டோவில் விடுவது இந்த நேரத்துக்குப் பொருத்தம். ஒளி நிமிடத்துக்கு நிமிடம் குறையும்போது விரல் ஒரே ஒரு சக்கரத்தில் இருந்தால் போதும்: வெளிச்சத் திருத்தம் (எக்ஸ்போஷர் காம்பென்சேஷன்). முகத்தில் வெயில் விழும் சிங்கத்தின் மணல் நிறத் தோல் ஏறக்குறைய நடுத்தர வெளிச்சம்தான் என்பதால் கேமரா சொல்வதை நம்பலாம். எதிர்வெயிலில், இருண்ட பின்னணியில், மைனஸ் 1 முதல் மைனஸ் 2 வரை குறைக்க வேண்டும். இல்லையென்றால் கேமரா இருட்டைத் தூக்கப் போய் விளிம்பு ஒளியை வெளுக்க வைத்துவிடும். வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமின் வலது ஓரம் முட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சூரிய வட்டமே படத்துக்குள் இருந்தால் மட்டும் அது முட்டத்தான் செய்யும், விட்டுவிடலாம்.

ஃபோகஸ் கூர்மையின் ஆழம் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. 400 மி.மீ., எஃப்/4, 10 மீட்டர் தூரம் என்றால் முழு ஃபிரேம் (36×24 மி.மீ. சென்சார்) கேமராவில் கூர்மையாக விழுவது 15 செ.மீ. அளவுதான். கண்ணில் வைத்தால் மூக்கு நுனி மங்கலாம். இரண்டும் வேண்டுமென்றால் எஃப்/8க்குப் போங்கள், அல்லது இன்னும் சில மீட்டர் பின்னால் நில்லுங்கள். கண்ணைத் தானே கண்டுபிடிக்கும் ஆட்டோஃபோகஸ் நன்றாகவே வேலை செய்கிறது, முகத்துக்கு முன்னால் புல் வரும்வரை. புல் வந்துவிட்டால் ஒற்றைப் புள்ளிக்கு மாறிக் கண்ணின் மேல் வையுங்கள்.

இன்னொன்று. ஐந்து மணிக்கு முன் தூரத்திலிருந்து எடுக்கும் படங்கள் எல்லாம் சொல்லிவைத்தாற்போல் மங்கலாக வந்தால் லென்ஸைச் சந்தேகிக்காதீர்கள். சூடான தரையிலிருந்து எழும் காற்றலை அது. தூரம் குறைந்தால் குறையும், தரை ஆறினால் போய்விடும்.

5. சிங்கம் எழப்போகிறது என்று எப்படித் தெரியும்

மணிக்கணக்காகக் காத்திருந்துவிட்டு, எழுகிற நொடியில் தண்ணீர்ப் புட்டியைத் தேடிக்கொண்டிருப்பது சஃபாரியில் அன்றாடக் காட்சி. சிங்கம் திடீரென்று எழுவதில்லை. அறிகுறி காட்டிவிட்டுத்தான் எழும்.

முதலில் தலை தூக்கும். எங்கோ தூரத்தில் பார்க்கும், மறுபடி படுக்கும். அப்புறம் இன்னொன்று தலை தூக்கும். கால்களை நக்கிக்கொள்ளும். அடுத்து கொட்டாவி. ஒன்று விட்டால் பக்கத்தில் இருப்பதும் விடும். தென்னாப்பிரிக்கச் சிங்கங்களை வைத்து 2021-ல் வெளியான ஓர் ஆய்வு, கொட்டாவி இப்படித் தொற்றிக்கொள்கிறது என்றும், தொற்றிக்கொண்ட சிங்கங்கள் அதன் பிறகு சேர்ந்து எழுந்து நகர்வது கூடுகிறது என்றும் கண்டது. கூட்டத்தில் கொட்டாவி பரவத் தொடங்கினால் கண் வியூஃபைண்டரைவிட்டு அகலக் கூடாது.

கொட்டாவியைப் படம் பிடிக்க ஒரு முறை இருக்கிறது. ஆண் சிங்கம் ஒன்று பக்கவாட்டு வெயிலில் படுத்திருக்கிறது என்று வையுங்கள். முதலில் உதடு லேசாகப் பின்னால் இழுபடும், நாக்கின் நுனி தெரியும். அப்போதே அழுத்தத் தொடங்க வேண்டும். வாய் விரிய விரியத் தலை மேலே போகும், கண் மூடும். கோரைப்பற்கள் முழுதாகத் தெரியும் உச்சத்தில் வாய்க்குள் வெயில் விழுந்து நாக்கின் மேலுள்ள முட்கள்வரை தெரியும். அந்த உச்சப் படம் கர்ஜனை மாதிரியே இருக்கும்; நிறையப் பேர் அப்படித்தான் தலைப்பும் போடுகிறார்கள். முடிந்த பிறகும் விரலை எடுக்காதீர்கள். வாய் பாதி மூடி, கண் திறக்கும் ஒரு கணம் வரும். எனக்குப் பிடித்த படம் பெரும்பாலும் அதுதான். ஒரு கொட்டாவி விட்டால் அடுத்ததும் வரக்கூடும் என்பதால் முதலாவது தப்பினாலும் கேமராவை இறக்க வேண்டாம். தலை மேலே போகும் என்பதை நினைத்து மேல் பக்கம் இடம் விட்டு வைத்திருங்கள்.

எழுந்ததும் முன்னங்காலை நீட்டி முதுகை வளைக்கும். அப்புறம் ஒன்றையொன்று தலையால் உரசிக்கொள்ளும். இந்த உரசல் எதிர்வெயிலில் மிக அழகாக வரும். இரண்டு முகமும் ஃபிரேமில் வேண்டுமென்பதால் ஜூமைக் குறைத்து, எஃப்/8 வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு வரிசையாக நடை.

கர்ஜனை வேறு. பொழுது சாய்ந்த பிறகு கேட்கலாம்; நல்ல சூழலில் 8 கி.மீ. வரை போகும் சத்தம். தலையைத் தாழ்த்தி முன்னால் நீட்டி, விலா உள்ளிழுத்து முழங்கும். வாய் கொட்டாவி அளவுக்கு விரியாது. தென்னாப்பிரிக்கக் குளிர்காலத்தில் மூச்சு ஆவியாக வெளிவருவதும் தெரியும். அதை எதிர்வெயிலில் எடுக்க வேண்டும். பக்கத்தில் நின்று கேட்டால் வண்டிக் கதவு அதிரும், கையும் அதிரும்; ஷட்டரை ஒரு படி கூட்டிக்கொள்ளுங்கள்.

6. சூரிய வட்டமும் நிழலுருவமும்

இதற்குச் சிங்கம் அடிவானத்துக்கு மேலே தெரிய வேண்டும். மேடு, பாறை, கரையான் புற்று இதில் ஏதாவது ஒன்று தேவை. நீங்கள் முடிந்த அளவு தாழ்வாக இருக்க வேண்டும். கால்களுக்கு நடுவே வானம் தெரிகிறதா, முகம் பக்கவாட்டில் திரும்பியிருக்கிறதா, காதும் தாடையும் பிடரியிலிருந்து பிரிந்து தெரிகிறதா என்று பாருங்கள். நேராகப் பார்க்கும் சிங்கத்தின் நிழலுருவம் ஒரு உருண்டை, அவ்வளவுதான். வானத்தை வைத்து வெளிச்சத்தை அளந்து அதிலும் சற்றுக் குறையுங்கள்.

சூரியன் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பதற்கு ஒரு சுருக்கக் கணக்கு: லென்ஸின் மில்லிமீட்டரை 109 ஆல் வகுத்தால் சென்சாரில் விழும் வட்டத்தின் அளவு. 200 மி.மீ.யில் 2 மி.மீ.க்கும் குறைவு. 600 மி.மீ.யில் 5.5 மி.மீ., அதாவது முழு ஃபிரேமின் உயரத்தில் ஏறக்குறைய கால்வாசி. சிங்கம் தூரத்தில் சிறிதாக நிற்க, நீங்கள் நீண்ட லென்ஸோடு பின்னால் போனால்தான் சூரியன் அதற்கு ஈடாகப் பெரிதாகும். கிட்டே போனால் சிங்கம்தான் பெரிதாகும்.

ஜாம்பியாவின் தெற்கு லுவாங்வாவில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் காட்டுத்தீப் புகையும் தூசியும் வானில் நிற்கும். சூரியன் மறைவதற்கு முன்பே சிவந்த உருண்டையாகிவிடும், அதன் கதிர் தரைக்கு வராது. பொன் நேரம் அங்கே சீக்கிரமே முடியும். பதிலுக்கு இந்த வட்டப் படம் கிடைக்கும். ஒரு எச்சரிக்கை: கண்ணாடி வைத்த பழைய வகை வியூஃபைண்டரில், இன்னும் சுடுகிற சூரியனை நீண்ட லென்ஸ் வழியாகப் பார்க்காதீர்கள். கண்ணுக்கு ஆபத்து. திரையில் பார்த்து எடுங்கள்.

7. மறைந்த பிறகு கிளம்பிவிடாதீர்கள்

சூரியன் மறைந்ததும் பாதி வண்டிகள் திரும்பிவிடும். நேரக் கட்டுப்பாடு இல்லாத இடம் என்றால் நீங்கள் இருங்கள். இப்போது மேற்கு வானம் முழுவதும் ஒரே பெரிய விளக்காகிவிடுகிறது. நிழல் விழாது, சிங்கம் கண்ணை இடுக்காது, விழியில் வானம் பளிச்சென்று தெரியும். முகப் படத்துக்கு இதைவிட நல்ல ஒளி கிடையாது என்று சொல்வேன். மேற்கே பார்த்து உட்கார்ந்திருக்கும் சிங்கத்தை, நீங்கள் மேற்குப் பக்கம் நின்று கிழக்கு நோக்கி எடுங்கள். வானம் தெளிவாக இருந்தால் கிழக்கு அடிவானத்தில் கருநீலப் பட்டையும் அதற்கு மேல் இளஞ்சிவப்புப் பட்டையும் எழும். அந்த நீலம் பூமியின் நிழலேதான். பாறை மேல் நிற்கும் சிங்கத்துக்கு அது பின்னணியாக அமைந்தால் வேறென்ன வேண்டும்.

ஒளி முதலில் மெதுவாகவும் அப்புறம் மளமளவென்றும் குறையும். இருபத்து சொச்சம் நிமிடத்தில் தொடக்கத்தில் இருந்ததில் நூறில் ஒரு பங்கு அளவுக்கு வந்துவிடும். பத்து நிமிடத்துக்குள் முகப் படங்களை முடித்துவிடுங்கள். பதினைந்தாவது நிமிடத்தில் எஃப்/4, 1/125, ஐஎஸ்ஓ 3200 அளவில் இருப்பீர்கள். அசையாத சிங்கம் மட்டும்தான் கூர்மையாக வரும். அதற்கும் பிறகு 1/30க்கு இறங்கி, நடக்கும் சிங்கத்தோடு கேமராவையும் சீராக நகர்த்தி எடுத்துப் பாருங்கள். பத்தில் ஒன்று தேறினாலே அதிகம். தேறியதில் தலை கூர்மையாகவும் கால்கள் கரைந்தும் இருக்கும்.

மேகமூட்டமான மாலையில் பொன் நேரமே இல்லையென்று சோர வேண்டாம். மேலே சொன்ன மென்மையான ஒளி அன்று மதியத்திலிருந்தே இருக்கும். மழைக்காலத்தில் கிழக்கே கருமேகம் கவிந்து, மேற்கே ஒரு கீற்று மட்டும் திறந்திருந்தால் உடனே சிங்கத்தைக் கிழக்கே வைத்து நில்லுங்கள். கருத்த வானத்துக்கு முன்னால் வெயில் பட்ட சிங்கம்! ஐந்து நிமிடம் நீடித்தால் பெரிய விஷயம்.

8. எதைச் செய்யக் கூடாது

ஃபிளாஷ் வேண்டாம், கைவிளக்கு வேண்டாம். இருட்டுக்குப் பழகிய கண்ணின் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருப்பதால் படத்திலும் கண்கள் விளக்காகத்தான் எரியும்; மாலை ஒளி என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது. விசில் அடித்தோ கதவைத் தட்டியோ தலையைத் திருப்ப வைக்காதீர்கள். திறந்த வண்டியில் எழுந்து நிற்கவோ கையை வெளியே நீட்டவோ கூடாது. சிங்கம் வண்டியையும் ஆட்களையும் ஒரே உருவமாகத்தான் பெரும்பாலும் பார்க்கிறது, அந்த உருவம் உடைந்தால் அதன் போக்கும் மாறும். இறங்குவது பற்றிப் பேச்சே வேண்டாம்.

தாய்க்கும் குட்டிக்கும் நடுவே, வேட்டைக்குக் கிளம்பிய சிங்கத்துக்கும் இரைக்கும் நடுவே வண்டியைக் கொண்டுபோகச் சொல்லாதீர்கள். ஓட்டுநர்கள் விருந்தாளியின் முகம் வாடக் கூடாது என்று சில சமயம் வரம்பை மீறுவார்கள். வேண்டாம் என்று சொல்ல வேண்டியது நீங்கள்தான். காது பின்னால் படிந்து, வால் நுனி சாட்டைபோல் அடித்து, உறுமல் கேட்டால் அது படத்துக்குப் போஸ் கொடுக்கவில்லை, போகச் சொல்கிறது. பின்வாங்குங்கள். மாராவில் ஒரு விலங்கருகே ஒரே நேரத்தில் 5 வண்டிக்கு மேல் கூடாது என்பது விதி. உங்கள் முறை முடிந்தால் விலகி, நடக்கும் திசையில் முன்னால் போய்க் காத்திருங்கள். பல நாள் அதுவே நல்ல இடமாக அமைந்துவிடும்.

9. திரும்பி வந்து

திருத்தம் குறைவாகவே போதும். 5500-லிருந்து 6500 கெல்வினுக்குள் உங்கள் நினைவிலிருக்கும் நிறத்துக்குக் கொண்டுவாருங்கள். ஆரஞ்சின் செறிவைக் கூட்டாதீர்கள். சிங்கம் மணல் நிறம், சாயம் போட்ட துணி நிறமாகிவிடும். சூரியன் மறைந்த பிறகு எடுத்தவற்றை இழுத்து மஞ்சளாக்க வேண்டாம், அந்த நீலச்சாயல் அப்படியே இருக்கட்டும். எதிர்வெயில் படங்களில் நிழலைத் தூக்கத் தோன்றும். விளிம்பு ஒளியின் பலமே சுற்றியுள்ள இருட்டுதான். கண் மட்டும் தெரிகிற அளவுக்குத் தூக்கிவிட்டு நிறுத்துங்கள். இரைச்சல் நீக்கும் மென்பொருளைப் பிடரியின் மேல் அளவோடு ஓட்டுங்கள், கூடினால் மயிர் மெழுகாகிவிடும்.

படங்களைத் தேர்ந்தெடுக்கும்போது எடுத்த நேரத்தையும் பாருங்கள். உங்களுக்குப் பிடித்தவை எந்த நிமிடங்களில், சூரியன் எந்தப் பக்கம் இருந்தபோது எடுத்தவை என்று ஒரு தாளில் எழுதி வைத்தால், மறுநாள் மூன்று மணிக்கு ஓட்டுநரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது தெரிந்திருக்கும்.